இங்கு யாவரும் சுகம்

எங்கள் நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கம்பி எண்ண வேண்டிவரும். தெற்கே, காற்றாலைகளுக்கும் உடைமரங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய பொட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பனையைப்போல் பத்து மடங்கு உயரத்தில் இரும்புக் கோபுரங்கள் நிற்கும். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அது கடற்படையின் இடம்.

கடலுக்கடியில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலோடு பேசுவதுதான் எங்கள் வேலை. பேசுவது என்றால் நாங்கள் பேசுவோம், அவர்கள் கேட்பார்கள். பதில் வராது. பதில் சொன்னால் அவர்கள் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். தண்ணீருக்குள் சாதாரண ரேடியோ அலை போகாது. எங்கள் அலை கொஞ்ச ஆழம் போகும், ஆனால் மாட்டுவண்டி வேகம். ஒரு முறைக்குச் சில நூறு சொற்கள் அனுப்பினாலே பெரிய காரியம்.

அந்தச் சொற்களில் ஒரு பங்கு என் பொறுப்பு. நான் மிக்கேல்ராயன், ஐம்பத்தெட்டு வயது, சிவிலியன் குமாஸ்தா, குடும்பச் செய்திப் பிரிவு. கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து வாரத்துக்கு நாற்பது சொல் அனுப்பலாம். விதி ஒன்றே ஒன்று: கெட்ட சேதி கூடாது. சாவு, நோய், சண்டை எல்லாம் கரைக்கு வந்தபிறகு. பேரழிவு ஆயுதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை அழ வைக்கக் கூடாதல்லவா? அதனால் வருகிற ஒவ்வொரு செய்தியையும் நான் படித்து, வேண்டாததை அடித்து, மிச்சத்தைத் திருத்தி அனுப்புவேன். 'மழையில் ஓடு ஒழுகுகிறது, உங்கள் தம்பி எட்டிக்கூடப் பார்க்கவில்லை' என்று ஒருத்தி எழுதினால், 'இங்கே நல்ல மழை' என்று போகும். பதினோரு வருஷமாக என் கத்திரிக்கு ஒரு குறை சொன்னவர் கிடையாது. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு லெப்டினன்ட் ஹேமா சுப்புராயன் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கோயம்புத்தூர்ப் பெண். கம்ப்யூட்டர் விஷயமாக ஒரு வாரம் முன்னால் தலைமையகத்திலிருந்து வந்தவள். எப்போதும் சிரித்த முகம். அன்றைக்கு முகத்தில் ரத்தம் இல்லை.

"சார், உங்களுக்குச் 'சாட்சி' தெரியுங்களா?"

"பேர் கேள்விப்பட்டிருக்கேன். கப்பல்ல புதுசா வச்சிருக்கிற மென்பொருள்னு சொன்னாவ."

"ஆமாங்க. இந்தப் பயணத்துலதான் முதல்முறை." அவள் மடிக்கணினியை என் மேஜைமேல் வைத்தாள். "ஊர்ல எல்லாரும் அழிஞ்சு போயிட்டாலும் மெஷின் பாட்டுக்கு இங்கிருந்து செய்தி அனுப்பிட்டே இருக்கலாம். இல்லைன்னா எதிரி நிலையத்தைப் பிடிச்சுட்டு நம்ம கோட்லயே 'எல்லாம் நல்லாருக்கு'ன்னு அனுப்பலாம். கடலுக்கடியில இருக்கிறவங்க எதை வச்சு நம்புவாங்க? அதுக்குத்தான் சாட்சி. ஆர்டரை அது நம்பாது, அதிகாரியை நம்பாது. குடும்பச் செய்தியை மட்டுந்தான் படிக்கும். இதை எழுதினது உயிரோட இருக்கிற மனுஷங்களான்னு பார்க்கும்."

"நல்ல யோசனைதான்" என்றேன்.

"நானும் அப்படித்தானுங்க நினைச்சேன். அதை எழுதின குழுவுல நானும் ஒருத்தி."

சாட்சியின் நகல் ஒன்று அவள் கணினியில் இருந்தது. கப்பல் புறப்படும்முன் ஒவ்வொரு குடும்பமும் எழுதிய பழைய கடிதங்களைக் கொடுத்து அதைப் பழக்கியிருந்தார்கள். சோதித்துப் பார்த்ததெல்லாம் ஆபீசில் அவர்களே உட்கார்ந்து எழுதிய மாதிரிச் செய்திகளை வைத்து. நாங்கள் உண்மையில் அனுப்பியதை யாரும் நகலுக்குள் போட்டுப் பார்க்கவில்லை. அன்று காலைதான் அவளுக்கு அது தோன்றியிருக்கிறது. ஒன்பது வாரச் செய்திகளையும் போட்டிருக்கிறாள்.

திரையில் ஒரு எண் இருந்தது. எண்பத்தாறு.

"இது என்னது?"

"சந்தேகம். நூத்துக்கு எண்பத்தாறு. ஒன்பது வாரமா ஒரு வீட்லயும் காய்ச்சல் இல்லை, சண்டை இல்லை, பால் திரியலை, யாரும் யாரையும் திட்டலை. இப்படி ஒரு ஊர் இருக்காது, இதை எழுதுறது மெஷின்தான்னு முடிவு பண்ணிட்டு வருதுங்க. தொண்ணூறைத் தாண்டினா கேப்டன் முன்னால ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிஞ்சா, நாடு இல்லைன்னு அர்த்தம். அவர் பெட்டியைத் திறந்து உறையைப் பிரிக்கணும்."

"உறைக்குள்ள என்ன இருக்கு?"

"தெரியாதுங்க. தெரியாமயே இருக்கட்டும்."

கத்திரி என்னுடையது. இந்த ஊரை எல்லாரும் சுகமாகச் செத்துப்போன ஊராக ஆக்கியவன் நான்.

"இன்னைக்கு நாலு மணிக்கு அவங்க அடுத்து கேட்பாங்க" என்றாள். "வழக்கமான செய்தி போனா தொண்ணூத்தொண்ணு. போட்டுப் பார்த்துட்டேன்."

"செய்தியே அனுப்பாம இருந்தா?"

"நிலையம் ஊமையாயிடுச்சுன்னா இன்னும் மோசம். நேரா நூறு."

"கப்பலை மேல வரச் சொல்லி உத்தரவு போடச் சொல்லுங்க!"

"கமாண்டர் அரைமணி நேரமா தலைமையகத்தோட பேசிட்டிருக்கார். அங்க நாளைக்குக் காலையில கமிட்டி கூடுதாம். உத்தரவு போட்டாலும் பிரயோசனமில்லைங்க சார். சந்தேகம் இவ்வளவு ஏறினபிறகு வர்ற உத்தரவை எதிரியோட தந்திரம்னுதான் அது எடுத்துக்கும். அப்படித்தான் நாங்க எழுதியிருக்கோம்." அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எனக்குப் பயமா இருக்குங்க."

எனக்கும்தான். எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தேன். குடும்பங்கள் எழுதிய மூலத்தாள்களை ஒரு வருஷம் பாதுகாக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. வெட்டுவதற்கு முன்னால் அவர்கள் எழுதியது எல்லாம் அதில் இருந்தது. ஓடு ஒழுகிய வீடு, மாமியார் பேசாத வீடு, பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை, ஆஸ்பத்திரியில் கிடந்த தகப்பன். ஒன்பது தாள்களை எடுத்து வந்தேன். ஹேமா பாய்ந்து வாங்கி ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

எண் தொண்ணூற்றிரண்டுக்கு ஏறியது.

"ஏறுதே!" என்று கத்தினேன். "உண்மையச் சொன்னா ஏறுதே!"

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "நேத்து வரைக்கும் எல்லாரும் சுகம். இன்னைக்கு ஒரே நாள்ல ஒன்பது வீட்டுல கஷ்டம். மாட்டிக்கிட்ட மெஷின் மனுஷன் மாதிரி நடிக்குதுன்னு நினைக்குதுங்க. ஏன் இத்தனை நாள் சுகம்னு வந்துச்சுன்னு யாராச்சும் அதுக்குச் சொல்லணும்."

"நான் எழுதுதேன். நான்தான் வெட்டினேன்னு எழுதுதேன்."

"நீங்க ஆபீஸ். உங்களை நம்பாது. அது நம்புற வீட்டுல ஒருத்தர் சொல்லணும்." அவள் இன்னொரு பட்டியலைத் திறந்தாள். எந்த வீட்டின்மேல் எவ்வளவு சந்தேகம் என்ற பட்டியல். மேலே இருந்த வரியில் விரலை வைத்தாள். "இது வித்தியாசமா இருக்கே. மத்த வீட்டுச் செய்தி வெட்டுப்பட்டிருக்கு. இந்த ஒரு வீடு மூணு வாரமா மனுஷன் எழுதினதே இல்லைங்குது. பதினாலாம் நம்பர். யாருங்க சார் இது?"

இயந்திரம் அல்ல, அந்தச் செய்திகளை எழுதியது நான். என் கையால், நீல மையில், கண்ணீரோடு எழுதினேன். அதைத்தான் சாட்சி மனிதன் இல்லை என்றது.

"என் மகள்" என்றேன். "ரோஸ்லின்."

என் மருமகன் ஜெரோம் அந்தக் கப்பலில்தான் இருக்கிறான். ஏவுகணை அறையில் காவல். அவன் புறப்படும்போது ரோஸ்லினுக்கு ஆறு மாதம். தலைப்பிரசவம் ஆகையால் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவள் அம்மா இல்லாத வீடு. நானே தைலம் வாங்கி, நானே பத்தியம் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் பிள்ளை அசைவது நின்றது. செத்துப் பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவள் ஜெரோமுக்கு எழுதிக் கொடுத்தாள். நான் வாங்கி வந்தேன். விதி தெரிந்தவன் நான். தாளை அலமாரியில் வைத்துவிட்டு, 'நானும் வயிற்றுப்பிள்ளையும் சுகம்' என்று எழுதி அனுப்பினேன். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அப்படியே.

அவளிடம் சொல்லவில்லை.

ஹேமா பட்டியலை மூடினாள். திட்டியிருந்தால் தேவலாம். "கூட்டிட்டு வாங்க சார்" என்றாள். "அவங்க சொன்னா எல்லாத்துக்கும் காரணம் கிடைச்சிடும்."

"அந்தப் பயலுக்குத் தெரிஞ்சா? அவன் எங்க நிக்கான்னு தெரியுமா உங்களுக்கு? ஏவுகணைக்குப் பக்கத்துல நிக்கான்!"

"தெரியும். விளக்கு எரிஞ்சா எல்லாரும் அதுக்குப் பக்கத்துலதான் நிப்போம்."

பகல் ஒன்றேகாலுக்கு என் மொபெட்டை எடுத்தேன். குடியிருப்பு மூன்று கிலோமீட்டர். வழியில் ஒருவன் ஆடுகளைக் கோபுர நிழலில் மடக்கிவிட்டு மொபைலில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்தது. சாட்சி இதையெல்லாம் ஒரு கண் பார்த்தால் போதுமே என்று நினைத்தேன். கடலுக்கடியில் இருப்பவனுக்குப் பாவம், நாற்பது சொல்தான் கண்ணும் காதும்.

ரோஸ்லின் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயிற்றில் இன்னும் துணி கட்டியிருந்தது.

"என்னப்பா, இந்நேரத்துல வந்திருக்கிய? உடம்பு சரியில்லையா?"

உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், சாட்சி, விளக்கு, உறை. அவள் கீரையை விடாமல் ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில் நான் செய்ததைச் சொன்னேன். விரல்கள் நின்றன.

"அப்பம் அவியளுக்குத் தெரியாதா?"

"தெரியாது மக்களே."

"நம்ம பிள்ள போனது தெரியாதா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"தெனமும் நாலு மணிக்கு நான் சன்னல்கிட்ட போயி உக்காருவேன், நீங்க பாத்திருக்கியள்லா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "இந்நேரம் அவிய கேட்டுக்கிட்டு இருப்பாவ, எனக்காண்டி அங்க அழுதுக்கிட்டு இருப்பாவன்னு நெனைப்பேன். ரெண்டு பேரு அழுதா பாரம் பாதிதானன்னு நெனைப்பேன். அந்த நெனப்புலதாம்ப்பா நான் எந்திரிச்சி சோறு திங்கேன். அதையும் நீங்க எடுத்துட்டியளே."

விதி என்று வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். விதியாவது ஒன்றாவது. உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். ஜெரோம் என்ன ஆவானோ என்று பயம், அதைவிட அந்தச் செய்தியை என் கையால் தட்டச்சு செய்ய வேண்டுமே என்று பயம். என் பேரனுக்கு நானே மரண அறிவிப்பு எழுத வேண்டுமா என்று ஓடி ஒளிந்தேன். அதற்குச் சட்டப்புத்தகத்தை முக்காடாகப் போட்டுக்கொண்டேன்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "பேப்பர் கொண்டாங்க" என்றாள்.

"அவன் தாங்குவானா ரோசு?"

"நான் தாங்கலியா?"

அடுப்பு மேடையில் வைத்து நின்றபடியே எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை. எழுதியது இதுதான்:

'ஜெரோமுக்கு, நம்ம பிள்ளை செத்துதான் பிறந்துச்சு. ஆம்பளப் பிள்ளை. உங்க காது. மூணு வாரமா நான் சுகம்னு வந்ததெல்லாம் அப்பா எழுதினது. பயந்துட்டாரு. எல்லாரோட கடுதாசியிலயும் அழுகையை அவருதான் வெட்டுவாரு. அவர் மேல கோவமா இருக்கேன். சோறு இறங்கல. சீக்கிரம் வாங்க. ரோசு.'

பழக்கதோஷம், எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு சொல். "இன்னும் ஒம்பது சொல் எழுதலாம்" என்றேன்.

"போதும்" என்றாள்.

நிலையத்துக்குத் திரும்பும்போது மணி மூன்று பத்து. ஹேமா வாசலிலேயே நின்றாள். தாளை வாங்கிப் படித்தவள் ஒரு நிமிஷம் திரும்பி நின்றுகொண்டாள். பிறகு தட்டினாள். ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை, 'உங்க காது' என்ற இடத்தில் கை பரபரத்தபோதுகூட.

எண் அசையாமல் நின்றது. தொண்ணூற்றிரண்டு. ஹேமா என் மணிக்கட்டைப் பிடித்தாள், சின்னப்பிள்ளை மாதிரி. பிறகு எழுபதாயிற்று. ஐம்பத்தைந்து. முப்பத்தேழில் வந்து நின்றது.

"நம்பிடுச்சு" என்றாள். "மகள் கோவப்படுறதை நம்புது. பயந்து போய்ப் பொய் சொன்ன அப்பனையும் நம்புது. மத்த ஒன்பதையும் சேர்த்து நம்புது."

கமாண்டர் எட்டிப் பார்த்து, செய்தியைப் படித்து, "விதிப்படி இதை அனுப்பக் கூடாது" என்றார். பிறகு, "அனுப்புங்க" என்றார். நாலு மணிக்கு அனுப்பினோம். மாட்டுவண்டி போல எழுத்து எழுத்தாகப் போயிற்று.

"இப்பம் எப்படித் தெரிஞ்சிக்கிடுதது?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுக்க முடியாதுங்க. அஞ்சு மணி ஆச்சுன்னா, அஞ்சு மணி வரைக்கும் ஒண்ணும் நடக்கலைன்னு தெரியும்."

அப்படித்தான் பதினெட்டு நாள் கழித்தோம். ஐந்து மணி ஆயிற்று, ஆறு ஆயிற்று. விடிந்தது. வானத்தில் ஒரு விமானச் சத்தம் கேட்டால் போதும், வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்ப்பேன். கடை வாசலில் நாலு பேர் கூடிப் பேசினால், சேதி வந்துவிட்டது, உலகம் முடிந்தது என்று தோன்றும். அனுப்பியது அவர்களுக்குக் கேட்டதா, சாட்சி அங்கேயும் முப்பத்தேழைத்தான் காட்டியதா, ஜெரோம் என்ன செய்கிறான், எதுவும் தெரியாது. ரோஸ்லின் அதற்குப்பிறகு அவனுக்கு எழுதவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்றாள். என்னோடும் பேசவில்லை. ஆனால் நாலு மணிக்குச் சன்னலோரம் உட்கார்ந்தாள். முன்பைவிட அதிகமாக அழுதாள், கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டாள். மூன்று நாளைக்கொரு தடவை ஒரு வார்த்தை சொன்னாள். 'உப்பு' என்பாள். எனக்கு அதுவே அமிர்தம்.

பத்தொன்பதாம் நாள் கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது என்று ஹேமா போன் செய்தாள். வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். இரண்டு ரயில் மாறி, நானும் ரோஸ்லினும் போனோம். ஹேமாவும் வந்திருந்தாள்.

மதில்மேல் வெயில் கொளுத்தியது. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் குடும்பங்கள், அந்தப் பக்கம் வெளுத்துப்போன முகங்களோடு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மூன்று மாதமாக வெயில் படாத முகங்கள். ஓடு ஒழுகிய வீட்டுக்காரியும் வந்திருந்தாள். புருஷனைக் கண்டதும் முதல் வேலையாக அவன் தம்பியைத் திட்டினாள்.

"விளக்கு எரிஞ்சுதாமா?" என்று ஹேமாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அதைக் கேக்காதீங்க சார்" என்றாள். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்போது ஜெரோம் வந்தான். தாடி வளர்ந்திருந்தது, மெலிந்திருந்தான். ரோஸ்லினைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. துக்கம் தெரிந்தவன் இப்படிச் சிரிப்பானா என்று எனக்குத் திக்கென்றது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு வயிற்றைப் பார்த்தான். தட்டையாக இருந்த வயிற்றைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் அகலமாயிற்று. நடையை எட்டிப் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னால் யார் கையில் பிள்ளை இருக்கிறது என்று தேடினான். என் கையைப் பார்த்தான். ஹேமாவின் கையைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற அறிமுகமில்லாத கிழவியின் கையைக்கூடப் பார்த்தான்.

செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது, இல்லையென்றால் கப்பல் இப்படித் திரும்பியிருக்காது. சாட்சி படித்திருக்கிறது. கேப்டனும் படித்திருக்கிறார். கெட்ட சேதி கரைக்கு வந்தபிறகுதான் என்ற விதியை அவரும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, அந்த முப்பத்தொரு சொல்லை அவனிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறார். உலகத்தைக் காப்பாற்றிய சேதி, யாருக்கு எழுதியதோ அவனுக்கு மட்டும் போகவில்லை. பதினெட்டு நாளும் என் மகள் சன்னலோரம் தனியாகத்தான் அழுதிருக்கிறாள்.

ரோஸ்லினுக்கும் புரிந்துவிட்டது. அவள் உடம்பு ஒரு முறை ஆடியதை நான் பார்த்தேன். தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினேன். என்னவோ சொல்ல, எதையோ சமாளிக்க, என் வாய் தானாகத் திறந்தது.

"யப்பா" என்றாள், திரும்பாமலேயே. "நீங்க பேசாம இருங்க. நான் சொல்லுதேன்."

தடுப்பைத் திறந்துகொண்டு அவள் அவனை நோக்கி நடந்தாள். அவன் இன்னும் சிரித்தபடி தேடிக்கொண்டிருந்தான்.